ஸ்டாக்ஹோமில் ஒரு சம்போ

ஜூன் 9, திங்கள். புதுச்சேரி

ஒரு வெள்ளைக்காரப் பெண் இன்று கடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தாள். ஏறின வேகத்தில் எதிர்ச் சுவரில் போய் முட்டினாள். "மேடம், சுவரும் எங்களுது, சைக்கிளும் எங்களுது, பாத்து" என்றேன். ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷமாக இவர்களைக் கிண்டல் பண்ணியே என் பொழுது போகிறது. வியாழக்கிழமை நான் விமானம் ஏறுகிறேன். அங்கே போய் நானும் இப்படித்தான் எதிலாவது முட்டிக்கொண்டு சிரிக்க வேண்டும்.

மகள் பூவிழி டிக்கெட் அனுப்பிவிட்டாள். ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம். அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. "வந்து ஊரைச் சுத்திப் பாருப்பா" என்கிறாள். என் வீட்டுக்காரி கமலா வரமாட்டாள். அரியாங்குப்பம் பாலம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள் கடலையா தாண்டப் போகிறாள்? ஆனால் வேலை மட்டும் கொடுத்து அனுப்புகிறாள். லாஸ்பேட்டை விஜயராகவனின் போட்டோ. அரசாங்க வேலை, ஒரே பையன், அடக்கமான குடும்பம். பூவிழிக்கு முப்பது முடிந்துவிட்டது. போனில் கேட்டால் "பாக்கலாம்மா" என்று வைத்துவிடுகிறாள்.

"ஊர் சுத்துறது அப்புறம். மொதல்ல அவகிட்ட பதில வாங்குங்க. பாக்கலாம்னா அது பதிலு இல்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் கமலா.

எதிர் வீட்டு மொரீஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா, தன் பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னை மண்ணு என்றுதான் கூப்பிடுவார். "ஐரோப்பா பூரா எனக்குத் தெரியும் மண்ணு. பொன்ழூர்னு ஒரு வணக்கம் சொல்லு, கதவெல்லாம் தானா தொறக்கும்."

ஜூன் 13, வெள்ளி. ஸ்டாக்ஹோம்

திறக்கவில்லை.

விமான நிலையத்தில் ஒரு அதிகாரியிடம் பொன்ழூர் சொன்னேன். அவன் "ஏய்" என்றான். நான் என்ன தப்பு பண்ணினேன்? காப்பிக் கடைப் பெண்ணும் "ஏய்" என்றாள். லிஃப்டில் வந்த கிழவியும் "ஏய்" என்றாள். எங்கள் தெருவில் இப்படிக் கூப்பிட்டால் கைகலப்புதான். இங்கே அதுதான் வணக்கமாம். போகும்போதும் அதேதானாம், ரெண்டு தடவை.

வெளியில் நல்ல வெயில். கோட்டுக்குள் வெந்துவிட்டேன். சொல்தா பேச்சைக் கேட்டவன் கதி.

பூவிழி கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இளைத்திருக்கிறாள். பக்கத்தில் பனைமரம் மாதிரி ஒருத்தன். சோளக்கதிர் நார் மாதிரி தாடி. பூவிழி என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அப்பா... இவரு என்னோட சம்போ."

எனக்கு ஒரே குஷி. "சம்போவா! சம்போ மகாதேவா! இவ்ளோ தூரம் தாண்டி வந்தா இங்கயும் சிவன் பேரா! நல்லா இருப்பா, நல்லா இரு!" ஆசீர்வாதம் பண்ணலாம் என்று பார்த்தால் தலை எட்டவில்லை, தோளைத் தட்டினேன். பூவிழி வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். திரும்ப அழுதாள். திரும்பவும் சிரித்தாள். நாலு வருஷம் அப்பனைப் பார்க்காத ஏக்கம்.

பேர் விசித்திரமாக இருந்தால் இருக்கட்டும். என் பேரே மண்ணாங்கட்டி. நான் யார் பேரைக் கேட்டுச் சிரிப்பது?

ஜூன் 14, சனி

சூரியன் படுக்கவே மாட்டேன் என்கிறது. இதை நேற்று என்று எழுதுவதா, இன்று என்று எழுதுவதா?

ஜூன் 15, ஞாயிறு

கப்பல் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஒரு ராஜா பெரிதாக மரத்தில் கட்டின கப்பல். முதல் நாள், கரையில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுகிவிட்டதாம். முந்நூறு வருஷம் கழித்துத் தூக்கி, சுற்றிக் கட்டடம் கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். "முழுகுனதுக்கே இவ்ளோ மரியாதைன்னா, மிதந்திருந்தா கோயிலே கட்டியிருப்பானுங்க போல" என்றேன். பூவிழி அதை சம்போவுக்குச் சொன்னாள். அவன் தாடி குலுங்கச் சிரித்தான். நல்ல பையன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையாம்.

ஒன்று கவனித்தேன். ரோட்டில் அவன் முன்னால் நடந்தால் பூவிழி "நில்" என்கிறாள். உடனே நின்று திரும்பிப் பார்க்கிறான். தமிழ் கற்றுக் கொடுத்திருக்கிறாள்! ஆனால் அவள் சொன்னதும் நானும் நின்றுவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் என்மேல் முட்டுகிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

இந்தச் சம்போ யார்?

எனக்குப் படுக்கை அறையைக் கொடுத்துவிட்டு பூவிழி ஹாலில் படுக்கிறாள். சம்போ சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, அக்கா வீட்டுக்குப் படுக்கப் போகிறான். காலையில் அவனே சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்து காப்பி போடுகிறான். வாடகைக்கு இருக்கிறவன் என்றால் ஏன் வெளியில் போய்ப் படுக்கிறான்? வீட்டுக்காரன் என்றால் ஏன் பாத்திரம் கழுவுகிறான்? அலமாரியில் அவன் சட்டைகள் தொங்குகின்றன. வீட்டு வாடகை இங்கே யானை விலை, பங்கு போட்டுத்தான் இருப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படித்தான் இருக்கும். அதுதான்.

சாயங்காலம் தண்ணீர் ஓரம் நடக்கும்போது பூவிழி என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீ இவ்ளோ லேசா எடுத்துப்பேன்னு நான் நெனைக்கவே இல்லப்பா."

எதை? மொரீஸ் கொடுத்த கோட்டையா?

"அப்பன்னா யாருன்னு நெனச்ச" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று வீட்டுக்கு வந்ததும் விஜயராகவன் போட்டோவை எடுத்துக் காட்டினேன். "லாஸ்பேட்டைப் பையன். அம்மா பாத்து வெச்சிருக்கா. என்னா சொல்ற?" பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ ஒருத்தன்பா! உன் நக்கலுக்கு அளவே இல்ல!" போட்டோவை சம்போவிடம் காட்டினாள். அவனும் பார்த்து, "குட், குட்" என்று என் முதுகில் தட்டினான்.

இது சரியா, இல்லையா? குழப்பமாக இருக்கிறது. கமலாவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"மூஞ்சி சுளிக்கல?"

"இல்ல."

"அப்புறம் என்னாங்க? சம்மதம்தான். வெக்கத்துல சிரிக்கிறா. நான் ஆவணியில வெச்சுக்கலாமான்னு அவங்க வீட்ல பேசிடுறேன்."

பேசலாமா? பொறு என்று சொல்ல வாய் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்று இந்த ஊரில் பெரிய பண்டிகை. கோடை பாதி வந்துவிட்டதற்குக் கொண்டாட்டமாம். படகில் ஒரு தீவுக்குப் போனோம். சம்போவின் அம்மா இங்ரித்தின் வீடு. பூக்கட்டிய கம்பம் ஒன்றை நட்டு, பெரியவர் சின்னவர் எல்லாரும் சுற்றிச் சுற்றித் தவளை மாதிரி குதித்தார்கள். நானும் குதித்தேன். சாப்பாட்டுக்கு மீனை ஊறுகாய் போட்டு, அதில் சர்க்கரையும் போட்டிருந்தார்கள். வைத்திக்குப்பத்து மீன்காரிகளிடம் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சம்போவின் அக்கா மகள் அவனை "மூர்ப்ரூர், மூர்ப்ரூர்" என்று காலைக் கட்டிக்கொண்டாள். அது என்ன என்று கேட்டேன். "அம்மா கூடப் பொறந்தவருப்பா. தாய்மாமன். அப்பா கூடப் பொறந்தவருக்கு வேற வார்த்தை" என்றாள் பூவிழி. அடடே! மொரீஸ் வீட்டில் எல்லா மாமனும் சித்தப்பனும் ஒரே 'தொந்தோன்'தான். இவர்கள் நம்மைப் போலத் தாய்மாமனுக்கென்று தனியாக வார்த்தை வைத்திருக்கிறார்கள். உறவு தெரிந்த சனம் என்று மனசுக்குள் ஒரு மதிப்பு வந்தது.

என் பக்கத்தில் பெர்த்தில் என்று ஒரு பெரியவர். என்னைப் போலவே ஓட்டை இங்கிலீஷ், அதனால் எங்களுக்குள் நன்றாகவே புரிந்தது. அவர் இங்ரித்தைக் காட்டி, "மை சம்போ" என்றார்.

நான் சிரித்தேன். "நோ, நோ. சம்போ அவன். அவங்க மதர்."

"யெஸ், யெஸ்" என்றார். அவனைக் காட்டினார், பூவிழியைக் காட்டினார். அவன் உன் மகளுக்குச் சம்போ. இங்ரித்தைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டார். இவள் எனக்குச் சம்போ. ரெண்டு விரலைச் சேர்த்து வைத்தார். "ஒன் ஹவுஸ். மேரேஜ், நோ."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் அதன் அர்த்தம் உள்ளே இறங்கியது.

எதிரில் பூவிழி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா?" என்றாள். அவள் முகமும் மாறிப் போனது.

ஜூன் 21, சனி

வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன். சர்க்கரை மீன்மேல் பழி.

சாவி. சட்டை. காப்பி. லேசா எடுத்துக்கிட்டேன்னாளே — இதைத்தானா? அந்தப் போட்டோ! ஐயோ, போட்டோவை அவன்கிட்டயே காட்டுனாளே. கமலா அங்க ஆவணி பேசிக்கிட்டிருக்கா. நான் இங்க தவள மாதிரி குதிச்சிக்கிட்டு—

பூவிழி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மொத நாளே சொன்னேனேப்பா."

"சொன்ன. எனக்குத் தெரியாத பாஷையில சொன்ன."

"நீ சிரிச்ச. தட்டிக்குடுத்த. நான் எவ்ளோ பயந்துகிட்டு இருந்தேன் தெரியுமா? நீ தமாசு பண்ற, ஏத்துக்கிட்டன்னு நெனச்சேன்."

"பேருன்னு நெனச்சேம்மா."

அவளுக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "அவரு பேரு நில்ஸ்."

"நில்லா?"

"நில்ஸ்."

அதான் நின்றிருக்கிறான். நான்தான் அநியாயத்துக்கு நின்றிருக்கிறேன்.

"தமிழ்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எந்த வார்த்தைப்பா? நீ சொல்லு. அதையே சொல்றேன்."

யோசித்தேன். வாயாடி என்று தெருவில் பேர் வாங்கியவன் நான். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே குழாயடியில் கேட்கிற வசவாக இருந்தன. ஒன்றைக்கூட என் பெண்மேல் வைக்க முடியவில்லை.

"அவர விட்டுட்டு வான்னா வரமாட்டேன்பா. நீ பேசாம இருந்தாலும் என்னால தாங்க முடியாது. எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

அவள் போன பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். வெளிச்சம் அப்படியே இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அவன் தனியாக வந்து காப்பி கொடுத்தான். எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாக எடுத்து வைத்தான். பூவிழியை நான் கேட்க வேண்டியதை எல்லாம் அவனே சொன்னான். ஒரே வீட்டில் மூன்று வருஷம். கல்யாணம் வேண்டாம் என்றில்லை, உங்களைக் கேட்காமல் வேண்டாம் என்று பூவிழி சொல்லிவிட்டாள். நீங்கள் வந்ததும் அக்கா வீட்டுக்குப் படுக்கப் போகச் சொன்னதும் அவள்தான். அப்பாவுக்கு எதிரில் கூடாதாம்.

"அக்கா வீட்ல சோபா" என்று கையை விரித்துக் காட்டினான். அவன் காலில் பாதிக்குத்தான் வரும்.

பிறகு என் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். சொன்னேன். எனக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் அம்மா, எமனுக்கு ஆசை வரக்கூடாது என்று, இது ஒன்றுக்கும் ஆகாத மண்ணாங்கட்டி என்று பேர் வைத்துவிட்டாள். ஊரே சிரிக்கிற கதை இது. நானே சொல்லிச் சிரிக்கிற கதை. அவன் சிரிக்கவில்லை.

"சோ... அவங்க உங்கள வெச்சுக்குறதுக்காக வெச்ச பேரு" என்கிற மாதிரி ஏதோ சொன்னான்.

எனக்குக் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. இந்த ஊரில் தூசியும் கிடையாது.

"இன்னிக்கு நீ எங்கயும் போக வேணாம்" என்றேன். பூவிழி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அவசரப்படாத. ரூம் ஒனக்கு. நானும் சம்போவும் ஹால்ல" என்றேன்.

அப்படியே படுத்தோம். குறட்டை விடுகிறான். இவ்வளவு நாள் இதை மட்டும் மறைத்திருக்கிறாள்.

ஜூன் 26, வியாழன். புதுச்சேரி

கமலாவிடம் சொன்னேன். முழுசும் சொன்னேன்.

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஆவணின்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"நானே போயி மாத்திச் சொல்றேன்."

"யாருன்னு சொல்லுவீங்க? நாளைக்கு நாலு பேரு கேட்டா அவன யாருன்னு சொல்றது?"

"அந்த ஊர்ல அது ஒரு உறவு கமலா. தாய்மாமனுக்குத் தனி வார்த்தை வெச்சிருக்கிற சனம். இதுக்கும் சம்போன்னு ஒண்ணு வெச்சிருக்கு."

"நம்ம ஊர்ல அப்பிடி ஒரு உறவு கெடயாது."

அதோடு சரி. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 28, சனி

லாஸ்பேட்டை போனேன். விஜயராகவனின் அப்பா காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், கொடுத்த தம்ளரைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளாத குறைதான். பையன் வாசல்வரை வந்து, "பரவாயில்ல சார், நல்லா இருக்கட்டும்" என்றான். நல்ல பையன்தான். என்ன செய்வது?

ஜூன் 30, திங்கள்

கமலா இன்னும் பேசவில்லை. பூவிழி போன் பண்ணினால் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள். ஆனால் அங்கே பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது.

ஜூலை 4, வெள்ளி

மொரீஸுக்குக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "முசே, இத மெட்ராஸ் வெயில்ல போட்டிருந்தாலும் இவ்ளோ வெந்திருக்க மாட்டேன்" என்றேன். அவர் கேட்கவில்லை. கடையில் உட்கார்ந்து என் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுகின கப்பல். பூக்கம்பம். தவளைக் குதியல். பிறகு நிறுத்தினார்.

"யாரு மண்ணு இது? ஒட்டடைக் கம்பு மாதிரி, உன் தோள்ல கை போட்டுக்கிட்டு?"

கடை வாசலில் அப்போதுதான் கமலா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றாள். அவள் காதிலும் விழுந்துவிட்டது. நான் பஞ்சர் ஒட்டின டயரைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கேரியரை மேசையில் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போனை எட்டிப் பார்த்தாள். இதுவரை பார்க்க மாட்டேன் என்றிருந்த படம். நன்றாகவே பார்த்தாள்.

"சம்போ" என்றாள்.

"அதுவா பேரு?" என்றார் மொரீஸ்.

"பேரு இல்லீங்க, உறவு" என்றாள் கமலா. என்னைப் பார்க்காமல், "கொழம்பு ஆறிடப்போவுது" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.