கார் நடவுக்காக ஒரு மனு

1911, வைகாசி, செவ்வாய் இரவு

இன்று கலெக்டர் துரை முக்கூடலில் முகாம். பழுதுபார்க்க ஆனி முழுவதும் வாய்க்காலை அடைக்க உத்தரவாகியிருக்கிறது. அடைத்தால் இந்தக் கார் பருவத்து நெல் நடவு கிடையாது. எங்கள் விவசாயிகள் சங்கத்துக்காக நான் மனுவை நீட்டினேன். துரை அதைப் பிரிக்கவில்லை. “தலைமடைக்காரர் நாலு பேர் கூடினால் சங்கமா?” என்று தாசில்தார் மூலம் கேட்டார்.

அப்போது வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைச் சுடலைமுத்து எழுந்தார். போன வருஷம் மடையில் என்மேல் மண்வெட்டியை ஓங்கியவர்.

“அண்ணாச்சி சொல்லுததைத்தான் நாங்களும் சொல்லுதோம்.”

தாசில்தார் சிரித்தார். “நீங்க ரெண்டு பேரும் தண்ணிக்கு அடிச்சுக்கிட்டவுகதானே வே?”

“தண்ணி வந்தாத்தான எசமான் அடிச்சுக்கிட முடியும்?”

கூட்டமே சிரித்தது. சிரிப்பு எதற்கென்று துரை தாசில்தாரிடம் கேட்டு அறிந்தார். பிறகு மனுவைப் பிரித்து, நின்றபடியே கடைசிவரை படித்தார். பழுதுவேலையைக் கார் அறுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வதாகச் சொன்னார்.

எழுத்தில் இன்னும் வரவில்லை. அந்தக் கவலை ஒரு ஓரத்தில் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் விதைநெல்லை ஊறப்போடச் சொல்லிவிட்டேன். கடைமடையிலும் இந்நேரம் ஊறப்போட்டிருப்பார்கள்.