விற்பதற்கில்லை என்று ஒட்டிய படம்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கட்டுகஸ்தோட்டை வீதியில் வாகனம் நகரவில்லை. கடை திறக்கும்போது பத்தேகால்.

திறந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சுவரில் பத்து ஆணி மட்டும். பழைய படங்கள் அத்தனையும் நேற்று நான் இல்லாதபோது ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டதாம். என் வீட்டுக்காரி விஜியின் தம்பி குமார் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறான். இந்தப் பழஞ்சாமான் கடையில் அவனும் நானும் பாதிப் பாதி. மூளையும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஹோட்டல்காரன் பதினொன்று கேட்டானாம். அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நாவலப்பிட்டிப் படத்தையும் இழுத்துக் கொடுத்துவிட்டான். முதுகில் "விற்பதற்கில்லை" என்று தாள் ஒட்டியிருந்தேன். கண் எங்கே போயிற்று?

போன மாதம் நாவலப்பிட்டி வீடொன்றிலிருந்து அலுமாரியோடும் இரண்டு கதிரையோடும் வந்த படம். விற்றவனின் அக்கா, பரமேஸ்வரி, மறு கிழமை போனில் அழுதாள். தம்பி அவளைக் கேட்காமலே விற்றுவிட்டான். அம்மாவின் ஒரே படம். பிரேமை வைத்துக்கொள்ளுங்கள், படத்தை மட்டும் தாருங்கள் என்றாள். இந்த வெள்ளி வரச் சொன்னேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. அவசரப்பட்டால் கிழியும், அவள் முன்னால் கழற்றலாம் என்று விட்டது என் கெட்ட காலம்.

பிரேம் வாங்கினால் படத்தைக் கழற்றி அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம். குமார் வந்த பிறகு அது போச்சு. "முகம் இருந்தாத்தான் போகும் மச்சான். வெறும் பிரேமை எவன் வாங்குவான்?"

தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள் பல்பு மாட்டி விற்றதும் இதே ஆள். என் அம்மா முதுகில் சுமந்த சாமான் அது.

ஜூன் 10, புதன்

வெயில். ஹோட்டல் ஹந்தானைப் பக்கம், மேட்டில். ஆட்டோ பாதி ஏற்றத்தில் மூச்சை விட்டது. மிச்சம் நடை. முழங்கால் போச்சு.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் எரிச்சல். பதினொன்றும் ஒரு செட்டாம், உடைக்க முடியாதாம். படம் மாட்டியிருக்கிற இடம்: கழிவறைக்குப் போகும் நடை. கீழே சீட்டு, இங்கிலீஷில். துரை பங்களாவில் வேலை பார்த்த ஆயா என்று. அந்தக் கதை விருந்தினருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

என் கையெழுத்து.

படம் வந்த அன்றே எழுதியது. வெள்ளைச் சேலை, பின்னால் பங்களாத் தூண். பார்த்தேன், எழுதினேன். சாமானுக்குச் சாமான் கதைச் சீட்டு கட்டுவது கடை தொடங்கிய நாளிலிருந்து என் வேலை. கதை இல்லாவிட்டால் செம்பு வெறும் செம்பு.

சிங்களத்தில் சத்தம் போட்டேன். வாட்சர் வந்து வாசல் வரை கொண்டுவந்து விட்டான். சீட்டையாவது கிழித்திருக்கலாம். தோன்றவே இல்லை. மடையன்.

வாங்க: பித்தளைப் பொலிஷ், சணல் கயிறு, விஜிக்குத் தைலம்.

ஜூன் 12, வெள்ளி

வானம் மப்பு மந்தாரம். பரமேஸ்வரி பத்து மணிக்கே வந்துவிட்டாள், படத்தைச் சுற்ற ஒரு துவாயோடு. குமார் திகனயில், சாமான் பார்க்க. எல்லாவற்றையும் நானே சொன்னேன். சீட்டைத் தவிர. அவள் கத்தவில்லை. "எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாள்.

கூட்டிப் போனேன். படத்தைப் பார்த்தாள். சீட்டைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"எங்கம்மா டீச்சர். தோட்டத்து ஸ்கூல்ல முப்பது வருஷம். பரிசு குடுத்த அன்னிக்கு பங்களா வாசல்ல நிக்க வச்சு எடுத்தது இது. யாரு ஆயான்னு எழுதினது?"

மேனேஜர், கடையிலிருந்து வந்த சீட்டு என்றான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என் மச்சினன்" என்றேன். யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது.

படத்தைத் தரமாட்டேன் என்றான் மேனேஜர். அவள் அதற்குக் கீழேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கழிவறைக்குப் போகிறவர்கள் எல்லாம் அவளைச் சுற்றித்தான் போனார்கள். அரை மணி நேரம். கடைசியில் அவனே ஏணி போட்டுப் பிரேமோடு கழற்றிக் கொடுத்தான். நான் இரண்டு நாளாகக் கிழித்தது ஒன்றுமில்லை.

சீட்டையும் மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். குமாரின் நம்பர் கேட்டாள். கொடுத்தேன்.

ஜூன் 13, சனி

அடை மழை. ஒரு ஆள் வரவில்லை.

பதினோரு மணிக்குக் குமாருக்குப் போன், பரமேஸ்வரி. அவள் சத்தம் நான் துடைத்துக்கொண்டிருந்த மணிக்கூடு வரை கேட்டது. நேற்று அடக்கியது எல்லாம் இன்றைக்கு. குமார் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இங்கிலீஷில் அவனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

"ஆமாங்கக்கா. தப்புத்தாங்க. இனிமே எழுத மாட்டேன்."

போனை வைத்தான். திட்டுவான் என்று நின்றேன். சட்டையைப் பிடித்திருந்தாலும் தேவலை. நாய், மேசை லாச்சியிலிருந்து வெற்றுச் சீட்டுக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். நேற்றுத் திகனயிலிருந்து வந்த கிராமபோனுக்கு இன்னும் கதை எழுதவில்லையாம்.