ஆழம் குறைந்த குடாக்கள்

ஏப்ரல் 6

இவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, கடல் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணியின் பாய்மரப் படகில் நாங்கள் மூவரும் அவரோடு ஐந்து நாள். கரையை ஒட்டியே போகலாம், வெளியே தீவுகள் வரிசையாக நின்று அலையைத் தடுத்துவிடும் என்கிறார். இவருக்கு இப்போதே கால் தரையில் இல்லை. எனக்குத்தான் பயம். பாப்பாவுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல காரணம் தேடித்தான் வரைபடத்தை விரித்தேன்.

ஏப்ரல் 7

காரணம் கிடைக்கவில்லை. கடல் முழுக்க எண்கள். எல்லாம் ஆழமாம், மீட்டரில். நிலத்தை வெறும் மஞ்சளாக விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள். யார் இறங்கி அளந்தது?

ஏப்ரல் 9

பால் பொங்கி வழிந்தது. வரைபடத்தில் பன்னிரண்டு ஏன் சட்டென்று நாலாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10

சரி, போவதென்றால் என் இஷ்டப்படி. இரவு படகை நிறுத்தித் தங்க, கரை உள்வாங்கியிருக்கும் நான்கு குடாக்களைக் குறித்தேன். எதிலும் ஒரு மீட்டருக்கு மேல் ஆழமில்லை. பாப்பா விழுந்தாலும் இறங்கி நின்று தூக்கிவிடலாம். இவரிடம் நீட்டினேன். பிரமாதம் என்றார், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமலே.

ஏப்ரல் 11

அண்ணி பார்த்தார். நான் குறித்த குடா ஒன்றில் விரலை வைத்தார்.

"ஏம்மா, இது என்ன பாப்பாவைக் குளிப்பாட்டுற தொட்டியா? படகோட அடிப்பாகமே ஒன்றரை மீட்டர் கீழ போகுது. இங்க நுழைஞ்சா தரைதட்டி நிக்கும். நீ தள்ளுவியா, என் தம்பி தள்ளுவானா?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரமாதம்னு சொன்ன ஆளு!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. படகுக்கு ஆழம் வேணும், பாப்பாவுக்கு ஆழம் கூடாது — ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்? வாய்விட்டே கேட்டேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "விழாம பார்த்துக்கிறதுதான் வழி. மிதவைச் சட்டை போட்டே இருக்கட்டும். படகைச் சுத்தி வலை கட்டித் தரேன். அப்பவும் மனசு ஒப்பலைன்னா விடு, கோவிச்சுக்க மாட்டேன்."

ஏப்ரல் 12

வலையை நானே இழுத்துப் பார்ப்பேன் என்றேன். இழுத்துப் பாரு, தொங்கியும் பாரு என்றார் அண்ணி. குடாக்களையும் மறுபடி நானே குறிக்க வேண்டுமாம். வரைபடத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

மே 20

முதல் குடா. ஆறு மீட்டர். நான் குறித்ததுதான். அலையே இல்லாத தண்ணீரில் இவர் தலைசுற்றி உள்ளே படுத்திருக்கிறார். வலையை எத்தனை தடவை இழுத்தேன் என்று எனக்கே தெரியாது.

இருட்டும் நேரத்தில் பாப்பா வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டாள், "அம்மா, கீழ யாரு இருக்கா?"

"தெரியலையே. விடிஞ்சதும் ரெண்டு பேரும் பார்க்கலாம்."

எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.