நின்றால் இருபத்தேழு டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

காக்கநாட்டு ஆஸ்பத்திரியில் மனைவி சந்தனமாரிக்கு டயாலிசிஸ் முடிந்து கிளம்பும்போது மணி 12.50. வழியெல்லாம் ஏசி குளிர்ந்தது. தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நின்றன, நாங்களும் நின்றோம். ஐந்து நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பானது. பத்து நிமிடத்தில் சூடு. அவள் பின்சீட்டில் தன் தலையணையில் படுத்திருந்தாள். டயாலிசிஸ் நாளில் ரத்த அழுத்தம் இறங்கித்தான் இருக்கும். கூப்பிட்டேன், பதில் இல்லை. கண்ணாடியை இறக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பக்கத்து ஆட்டோக்காரர் செய்தித்தாளால் விசிறி — வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

போன வாரம்தான் மெக்கானிக் நாணு ஏசிக்குக் கேஸ் நிரப்பினான். எல்லாம் சரி என்றான். நானும் சரி என்றேன். எதைத் தெரிந்துகொண்டு சரி என்றேன்?

மார்ச் 5, புதன்

பள்ளுருத்தி, நாணுவின் ஒர்க்‌ஷாப். கேஸ் கொஞ்சம் குறைவு என்று மறுபடி நிரப்பினான். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேகமாக ஒரு சுற்று ஓட்டினான்.

"ஐஸ் அல்லே சாரே?"

"ஓடும்போது குளிருது நாணு. பாலத்துல நிக்கும்போதுதான் சூடா வருது."

"வயசாயால் அப்படித் தோணும் சாரே. என்டெ அம்மைக்கு மழையத்தும் சூடாணு."

அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இப்போது நெஞ்சில் எரிகிறது. மயங்கியது நானா? மயங்கியவள் வீட்டில் கிடக்கிறாள், நான் அங்கே நின்று பல்லைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

அதே பாலம். அதே சூடு. மயக்கமில்லை, வாந்தி.

வாசலில் இறங்கும்போது சொன்னாள்: "ஊசியைத் தாங்கிக்கிடுவேன். அந்தப் பாலத்தைத் தாங்க முடியாது. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

பயமுறுத்துவதற்காகப் பேசுகிறவள் இல்லை. நாற்பத்து நான்கு வருடத்தில் சொன்ன சொல்லை மாற்றிப் பார்த்ததில்லை. டயாலிசிஸை விட்டால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 8, சனி

ஆலுவாவிலிருந்து மகள் பிந்து போன் செய்தாள். காரை விற்றுவிட்டு டாக்சியில் போகச் சொல்கிறாள். தெரியாதவர் வண்டியில் வாந்தி எடுக்க நேருமே என்று அம்மை கூசுவது மகளுக்குத் தெரியாதா?

பிறகு கேட்டாள்: "அப்பா, நெஜமாவே சூடா இருந்துச்சா? இல்ல, டென்ஷன்ல அப்படித் தோணுதா?"

"பார்க்கிறேன்மா" என்று வைத்துவிட்டேன். அப்புறம் சுவரைப் பார்த்துக் கேட்டேன், அம்மை வாந்தி எடுத்தது என் டென்ஷனிலா என்று. சுவரிடம் மட்டும் நன்றாகப் பேசுகிறேன்.

ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நிஜமாகவே சூடா? எப்படி நிரூபிப்பேன்?

பிறகு என்னை நானே திட்டிக்கொண்டேன். இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் என்ன வேலை பார்த்தாய்? பெட்டி பெட்டியாகத் தெர்மாமீட்டரைக் குத்திக் குளிர் போதாத சரக்கைத் திருப்பி அனுப்பியவன்தானே? முதலாளியிடம்கூட வாய் பேசியதில்லை, காகிதத்தை நீட்டுவேன், அது பேசும். அந்தத் தெர்மாமீட்டர் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம் சரியாகக் காட்டுகிறது. நடு ஏசி வாயில் செருகி வைத்தேன். வெளியே 33.

வண்டி ஓடும்போது 10. சந்தில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல்: ஐந்து நிமிடம் 19, பத்து நிமிடம் 25, பதினைந்து நிமிடம் 27. கோட்டைக் கடற்கரை வரை ஓட்டினேன், மறுபடி 10. அங்கே நிறுத்தினேன், மறுபடி 27. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இதே கணக்கு.

நின்றால் கூடி, ஓடினால் குறைகிற வயது ஒன்று உண்டா, நாணு?

யோசித்தால் புரிகிறது. உள்ளிருந்து இழுத்த சூட்டை வண்டியின் முகப்பில் உள்ள கம்பி வலைதான் வெளியே தள்ளுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிரவைக்கும். நின்றால் அதற்கென்று இருக்கும் ஃபேன் ஒன்றுதான் கதி. அந்த ஃபேன் சுற்றவில்லை என்றால்? இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? அவன் ஏன் பார்க்கவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

மார்ச் 10, திங்கள்

என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மனிதனைப் பார்த்துக் கத்தினேன்.

காகிதத்தை நாணுவிடம் நீட்டினேன். படிக்கவில்லை. சாயா கிளாஸை அதன்மேல் வைத்தான்.

"சாரே, ஞான் இருபது வர்ஷமாயி இந்தப் பணி செய்யுன்னு."

கிளாஸை எடுத்துத் தரையில் வைத்தேன். "ஏறி உக்காருடா" என்றேன். டா என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்ததா? "கண்ணாடியை ஏத்து. பதினைஞ்சு நிமிஷம் உள்ளே இரு. என் பொண்டாட்டி நினைவில்லாமக் கிடந்த வண்டிடா இது. வயசாம், வயசு."

யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். பன்னிரண்டாவது நிமிடம் சட்டை நனைந்து இறங்கினான், என்னைப் பார்க்காமல் போனெட்டைத் திறந்தான். இரண்டு ஃபேன்களில் ஏசிக்கானது அசையாமல் நின்றது. கீழே குனிந்து கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை இழுத்தான். உள்ளே ஃபேனுக்குப் போகும் வயர்முனை, பச்சைக் களிம்பு பிடித்து உதிர்ந்துபோய். உறையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது.

"இது ஏது கழுதயா கெட்டி வெச்சது?"

உறையின் வாயைப் பார்த்தேன். இரண்டு முறுக்கு, ஒரு மடிப்பு, அதன்மேல் ரப்பர் பேண்ட். இறால் சாம்பிள் உறையை நாங்கள் கட்டும் கட்டு.

"தெரியலை" என்றேன்.

வயரும் முனையும் மாற்றித் தந்தான். ஃபேன் சுற்றுகிறது.

வீட்டுக்கு வந்து இதே நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜனவரி 12, என் கையெழுத்து: 'வேலியேற்றத்தில் கடல் பொங்கிக் காயல் தண்ணீர் சந்துக்குள் பம்பர் வரை வந்தது. மறுபடி வந்தால் உப்பு ஏறாதிருக்க, முன்புறம் கீழே உள்ள வயர்முனையை உறையிட்டுக் கட்டினேன்.' தண்ணீர் மறுபடி வந்தது. உள்ளே புகுந்தது, வெளியே போக நான் வழி வைக்கவில்லை.

எழுதி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். கழுதைதான்.

மார்ச் 11, செவ்வாய்

அவள் வரவில்லை. "சரியாயிருச்சுன்னு எத்தனை தடவை சொன்னீங்க?" அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. காக்கநாட்டில் கெஞ்சி வியாழனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

காலையில் நாணுவிடம் போய்ச் சொன்னேன், கட்டியது நான் என்று.

"அன்னே மனசிலாயி சாரே" என்றான், அன்றைக்கே புரிந்துவிட்டதாம். "இத்தற நீட்டாயி ரப்பர் பேண்ட் இடான் மட்டாஞ்சேரியில் வேறெ ஆரு?"

சிரிப்பில் விட்டுவிட நினைத்தான். நான் விடவில்லை. "கட்டினது என் தப்பு. ரெண்டு தடவை போனெட்டைத் திறந்தியே, ஃபேன் சுத்துதான்னு பார்க்காதது யார் தப்பு?"

ஸ்பேனரைத் துடைத்து வைத்தான். "அது நேராணு" என்றான், உண்மைதான் என்று. அவனுடைய அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் ஒரு வாரமாக வெந்தேன் போலிருக்கிறது. கோபம் முழுதும் தீரவில்லை. என்மேல் உள்ளது பாக்கி.

மத்தியானம் சந்தனமாரியிடமும் சொன்னேன். "சமையக்கட்டுல ரப்பர் பேண்டைக் காணோம்னு பொங்கலுக்கு முந்தியே கேட்டேன்ல" என்றாள். பிறகு, "நாளைக்கு வாறதா இருந்தா அந்தக் குளிர் பாக்குற ஊசி என் கையில இருக்கணும். நீங்க படிச்சுச் சொல்ல வேண்டாம்."

மார்ச் 13, வியாழன்

திரும்பும்போது தோப்பும்படி பாலத்தில் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். வெளியே 34. முன்சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி தெர்மாமீட்டரை ஏசி வாயருகில் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் இறங்கும்போது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு" என்றாள். "வெரலு மரத்துப்போச்சு. அடுத்த தடவைக்குச் சால்வையை எடுத்து வைங்க."