டிரெய்லரில் தெரியும் முகம்

அப்பா,

“அதுல என் மூஞ்சி தெரியட்டும், அப்புறம் விக்கலாமா வேணாமான்னு பேசலாம்” என்றுதானே நேற்று டிரெய்லரைக் காட்டிச் சொன்னீர்கள்? தெரிகிறது! மீசையில் எத்தனை நரை என்று எண்ணிவிடலாம்.

நான் டிரெய்லரின் அலுமினியத் தகட்டில் பாலிஷ் போட்டுத் தேய்த்தபோது அது கறுத்ததைப் பார்த்துவிட்டு, “கதைப் புத்தகம் படிக்கிறவ கையில குடுத்தா கரிச்சட்டிதான்” என்று கத்தினீர்கள். பாலிஷ் போட்டால் அலுமினியம் அப்படித்தான் கறுப்பைக் கக்கும், அப்பா. அது எட்டு வருட அழுக்கு. நாம் அந்த வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், ஏரிக்கரையில் அதற்குள்ளேயே தங்கியும் அத்தனை வருடமாகிறது. இன்று விடிந்ததும் மைதாவைத் தூவித் துடைத்தேன். கறுப்பெல்லாம் மாவோடு வந்துவிட்டது. மெழுகும் பூசியாயிற்று. பக்கத்து வீட்டு அத்தை அதில் பார்த்துத் தலைவாரிக்கொண்டே, “புது வண்டியா?” என்று கேட்டார்!

மைதா டப்பா காலி. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. நான் வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவேன். கோபம் மிச்சமிருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், வண்டிமேல் வேண்டாம்.

பி.கு.: குளியலறைக் கண்ணாடியைத் தேடாதீர்கள், ஒளித்துவைத்திருக்கிறேன். உங்கள் ஷேவிங் செட் டிரெய்லர் படியில் இருக்கிறது.

இன்னொன்று: நீங்கள் வரச் சொன்ன பழைய சாமான்காரர் நான்கு மணிக்கு வண்டியை எடுக்க வருவார். முகம் தெளிவாகத் தெரிந்தால் அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடுங்களேன், அப்பா.