பதினேழு வரைக்கும் எண்ணினேன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன், அப்பா போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லுவார். அதனால் நிதானமாக உட்கார்ந்து படி. உன் அம்மா கடலுக்குள் இறங்கிவிட்டு வந்திருக்கிறாள். கரையில் கால் நனைத்த கதை இல்லை, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பத்து மீட்டர் ஆழத்தில் முப்பத்தைந்து நிமிடம். டாக்டர் காது, நெஞ்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இறங்கினேன், அதனால் திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

எப்படி ஆரம்பித்தது என்றால், இங்கே புதிதாக டைவிங் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்று வந்திருக்கிறது. அங்கிருந்து கிழிந்த ரப்பர் உடுப்புகளைத் தைக்க என்னிடம் கொண்டு வந்தார்கள். என் பெரிய மெஷின்தான் அந்தத் தடிமனைத் தாங்கும், மற்றவர்களுடையதில் ஊசி உடைந்துவிடுகிறதாம். எந்த உடுப்பை எடுத்தாலும் முழங்கால்தான் தேய்ந்திருந்தது. ஏன் என்று பயிற்சி கொடுக்கிற பெண்ணைக் கேட்டேன். புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் தண்ணிக்கடியில முட்டி போட்டுத்தான் பழகுவாங்கம்மா என்றாள். அன்று சாயங்காலம் உன் அலமாரியைத் திறந்து, கடலில் இறங்க நீ போட்டுக்கொண்டிருந்து இங்கே விட்டுப்போன பழைய ரப்பர் உடுப்பை எடுத்துப் பார்த்தேன். அதிலும் முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்தது, கோணல் மாணலாக, உன் கையாலேயே தைத்தது. தையல்காரி பெற்ற பெண், அடுத்த அறையில் நான் இருக்கும்போது, கேட்டால் என்ன சொல்வேனோ என்று ஒளித்துவைத்து நீயே தைத்திருக்கிறாய். போன தடவை நீ வந்திருந்தபோது உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. இவ்வளவு படிச்சு கடைசில கடல்ல மீனை எண்ணற வேலைக்குப் போறா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் போனில் நீ சொல்வதெல்லாம் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வேலை போகுது, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஆமை, ஆக்டோபஸ் என்று காது வலிக்கப் பேசுவாயே, அது நின்றுபோனது அன்றிலிருந்துதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒட்டைப் பார்த்த மறுநாளே உன் உடுப்பைப் பிரித்து, இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குத் துண்டு வைத்துத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு போய் வகுப்பில் நின்றேன். முழங்கால் ஒட்டை மட்டும் தொடவில்லை.

அப்பா முதலில் தலையில் அடித்துக்கொண்டார். கடலுக்குள்ள போய் யாருக்கு அளவெடுக்கப் போற என்று கேட்டார். நீச்சல்தான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வருமே, இது என்ன பெரிய வித்தை என்று நானும் கொஞ்சம் மிதப்பாகத்தான் போனேன். நீச்சல் குளத்திலேயே மானம் போயிற்று. சிலிண்டரிலிருந்து காற்று வருகிற ரப்பர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்ட அடுத்த நொடி எனக்கு மூச்சே வராது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் முகத்தோடு அப்பிக்கொண்டு கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வட்டம் விழுந்துவிடும், திமிறிக்கொண்டு மேலே வந்துவிடுவேன். அம்மா வாயால இழுங்க, வாயால இழுங்க என்று அந்தப் பெண் தொண்டை வறளக் கத்துவாள். எனக்குப் புரிகிறது, உடம்புக்குப் புரியவில்லை. கூடச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டார்கள், நான் ஒருத்தி மட்டும் மூன்றாவது வாரமும் குளத்தில் முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். வயசாயிடுச்சு, விட்டுடுவோம் என்று கூட நினைத்தேன். ஒரு நாள் பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருக்கிறேன், அப்பா என்னவோ கேட்டார், வாயில் குண்டூசிகள் இருந்ததால் ம் என்றேன். அப்போதுதான் உறைத்தது. முப்பத்திரண்டு வருஷமாக உதட்டில் குண்டூசியை வைத்துக்கொண்டு மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிறவள் நான். வாயில் ஏதாவது இருந்தால் வாயால் மூச்சை இழுக்கவே கூடாது, இழுத்தால் ஊசி உள்ளே போய்விடும் என்று தொழில் கற்ற முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார்கள். உடம்பு அதைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. உடனே குண்டூசிகளைத் துப்பிவிட்டு, மணிக்கட்டில் ஒரு பஞ்சு மெத்தை கட்டி அதில் குத்திக்கொள்ளப் பழகினேன். டைவிங் இடத்தில், குழாய் நுனியில் மாட்டுகிற பழைய ரப்பர் கடிப்பான் ஒன்றைக் கேட்டு வாங்கி வாயில் வைத்து, துணி உலர்த்துகிற கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, தினமும் அப்படியே உட்கார்ந்து தைத்தேன். சிரிக்காதேடி. பொத்தான் தைக்க வந்த கணக்கு வாத்தியார் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். பத்தே நாள், குளத்தில் மூச்சு தானாக வந்தது. அந்தப் பெண் கை தட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடல். அப்பா படகில் குடையைப் பிடித்துக்கொண்டு குமிழி வருதா குமிழி வருதா என்று படகோட்டியின் உயிரை எடுத்திருக்கிறார். கீழே போனதும் காதை அடைத்தது, சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்துகொண்டேன். அப்புறம் ஒரு அமைதி, என் மூச்சுச் சத்தம் மட்டும். மணலில் ஒரு இடம் அசைந்தது, பார்த்தால் திருக்கை மீன், உடம்பைச் சுற்றி ஃபிரில் வைத்த மாதிரி ஓரம் அலைந்தது. அந்தச் சுருக்கம் எந்த மெஷினிலும் வராது. கொஞ்சம் தள்ளி ஒரு ஆமை கடல் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி, கொடுத்த துணி இன்னும் ஆகவில்லையா என்று கேட்க வந்த வாடிக்கையாளர் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. நான் தள்ளியே நின்றேன், தொடவில்லை. கண் கலங்கிவிட்டது, மாஸ்க்குக்குள் துடைக்கவும் முடியாது. ஆனால் நான் போனது வேறு ஒன்றுக்காக. நீ வைத்திருப்பாயே, தண்ணீருக்குள் எழுதுகிற பலகை, அதையும் பென்சிலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஒரு பாறை, அதைச் சுற்றி சின்ன நீல மீன்கள். எண்ணிவிட வேண்டியதுதானே என்று ஆரம்பித்தேன். பதினேழு வரைக்கும் எண்ணினேன். பாறைக்குப் பின்னால் போனது திரும்பி வந்தது, வந்தது அதுதானா வேறா தெரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி எண்ணினேன். காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த நேரத்தில் விட்டுப்போயிற்று. நீரோட்டம் தள்ளியது, கால் ஆடியது, மீன் கூட்டம் கலைந்தது. நான்கு தடவை, பதினேழைத் தாண்டவில்லை. நூல் நூலாகத் தையலை எண்ணுகிறவள் நான். எட்டு வருஷமாக, குளிரிலும் கலங்கிய தண்ணீரிலும், மூச்சையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டே என் பெண் இதைத்தான் செய்கிறாள், ஆயிரக்கணக்கில் எண்ணிப் பெயரோடு எழுதித் தருகிறாள் என்று அந்தப் பாறை முன்னால் முட்டி போட்டபடி நினைத்தேன். உன்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. சொன்னது தப்புடி. எல்லோர் முன்னாலும் சொன்னேன், அதனால் அத்தையிலிருந்து ஆரம்பித்து அன்றைக்குச் சிரித்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இன்னும் மூன்று பேர் பாக்கி.

சளி பிடித்திருந்தால் தண்ணீரில் இறங்காதே, காது போய்விடும், இது இப்போது எனக்கே தெரிந்து சொல்வது. அடுத்த தடவை வரும்போது கிழிந்தது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வா, கோணல் தையலைப் பிரித்து ஒழுங்காகத் தைத்துத் தருகிறேன். என் உடுப்பில் இருக்கும் உன் ஒட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். எந்தக் கடலில் இறங்கினாலும் பத்திரமாக மேலே வர வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஞாபகம் வைத்துக்கொள், இனிமேல் போன் பண்ணினால் சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடக் கூடாது. அன்றைக்கு என்ன எண்ணினாய், எத்தனை எண்ணினாய், பதினேழுக்கு அப்புறம் எப்படி எண்ணுவது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டும்.

இப்படிக்கு,
பதினேழோடு நின்றுபோன
உன் அம்மா