மெழுகுக்குக் கீழே ஊதா

ஏட்டி,

இன்றைக்கு மெழுகு உருக்கினேன். தீக்குச்சி முக்குகிற அதே மெழுகு, கோவில்பட்டியில் வாங்கியது. நான் வேலை பார்க்கிற ஆய்வகம் முழுக்க அந்த வாடை ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. காமாலையில் நீ போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். யார் என்ன சொன்னாலும் சரி, நான் படுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் இருவரும் எம்.ஃபில். படித்தோம். நான் எங்கள் ஊர் எப்போதும்வென்றானிலிருந்து பஸ்ஸில் வருவேன். மழைக்காலத்தில் என் செருப்பில் அப்பிய கரிசல் ஆய்வக வாசல்வரை வரும். நீ தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மகள், அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாய். புரதத்தில் இருபது அமினோ அமிலங்கள் என்று படித்துத் தேறியிருந்த எனக்கு, இருபத்தோராவதாக ஒன்று உண்டு என்று சொன்னவள் நீதான். செலினோசிஸ்டீன். சும்மா புளுகாதே என்றேன்.

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி மேசையில் வைத்தாய். செல், மரபணுக் கட்டளையை மும்மூன்று எழுத்தாக வாசித்துப் புரதத்தைக் கோக்கிறது, யு.ஜி.ஏ. என்று வந்தால் நிறுத்திவிடும். ஆனால் அதை அடுத்துக் கட்டளை இந்த ஊசிபோல மடிந்திருந்து, செல்லுக்குள் செலீனியமும் இருந்தால், நிற்காது. அந்த இடத்தில் செலினோசிஸ்டீனை வைத்துவிட்டு மேலே போகும் என்றாய். சொல்லும்போது உன் முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. நீ கவனிக்கவே இல்லை.

அதைக் கண்ணால் காட்டுவதுதான் உன் ஆய்வு. குடல் பாக்டீரியாவைக் காற்றில்லாமல் வளர்த்தால் அது ஒரு நொதியைச் செய்யும். செலினோசிஸ்டீன் உள்ளே உட்கார்ந்தால்தான் அந்த நொதி வேலை செய்யும். வேலை செய்தால், நாம் ஊற்றுகிற நிறமில்லாத சாயம் ஊதாவாகும். செலீனியம் போட்ட டியூபில் ஊதா வர வேண்டும், போடாததில் வரக் கூடாது. காற்றுதான் எமன். கொஞ்சம் பட்டாலும் ஊதா மறைந்துவிடும். பஞ்சு அடைத்தோம், ஜாடிக்குள் மெழுகுவத்தி கொளுத்தி மூடினோம், ஒன்றும் பலிக்கவில்லை. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ கேலி செய்தாய்: "ஏட்டி, எப்போதும்வென்றான்காரி அழலாமா?" மறுநாள் அப்பா ஆபீஸிலிருந்து ஒரு கட்டி மெழுகு கொண்டுவந்தாய். அதை உருக்கி டியூப் வாயில் ஊற்றி அடைத்தோம். குச்சிக்கு முக்குகிற மெழுகு! அடுத்த நாள் வந்து பார்த்தால், மெழுகுக்குக் கீழே நல்ல நாவற்பழ ஊதா. நீ என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தால் மதுரையில் பி.எச்டி., இல்லையென்றால் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை. இதுதான் உன் அப்பா போட்ட நிபந்தனை. வைவா அன்றைக்கு அவர் ஸ்கூட்டரோடு வெளியில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். உள்ளே நம் வழிகாட்டி, அந்தப் பேராசிரியர், வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு முன்னால் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டுமே! ஊதா டியூபைக் கையில் எடுத்தார்.

"சார், தொறக்காதீங்க. காத்து பட்டா கலரு போயிரும்" என்றாய்.

பேனாக்கத்தியால் மெழுகை நோண்டி எடுத்து, டியூபை ஒரு குலுக்குக் குலுக்கினார். ஊதா வெளுத்தது. பச்சைத்தண்ணீர் மாதிரி ஆனது.

"இங்க் ஊத்தி எடுத்துட்டு வந்திருக்கியாம்மா?" என்று சிரித்தார். வந்தவரும் சிரித்தார். இங்க் காற்று பட்டால் வெளுக்குமா? படித்தவர்தானே அந்த ஆள்! நான் எழுந்து பேச வாய் திறந்தேன். உன்னைக் கேட்டேனா, உட்கார் என்றார். நீ தேறவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

உன் கைப்பையில் இன்னொரு டியூப் இருந்தது. அதே ஊதா, மெழுகு கலையாமல். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்து உலுக்கினேன், ஏன் எடுக்கவில்லை என்று.

"எடுத்தா இதையும்லா தொறப்பாவ" என்றாய்.

அவ்வளவுதான். ஸ்கூட்டரில் ஏறிப் போனாய். தை மாதம் கல்யாணம். அதனால்தான் உன்மேல் இவ்வளவு கோபம். திறந்தால் திறக்கட்டும், அடுத்ததைக் காட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம், அந்தக் கத்தியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். நீ பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

பதினாறுக்கு அந்தப் பேராசிரியரும் வந்திருந்தார். ஓய்வு பெற்றாயிற்று, முடிக்கு மை அடித்திருக்கிறார். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு உன் அப்பாவிடம், நல்ல மூளை, பாதியில் விட்டுவிட்டாள், என்று உச்சுக் கொட்டினார். பாதியில் விட்டாளாம்! பந்தி நடக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நேரே போய் நின்றேன்.

"சார், அந்த டியூபத் தொறந்தது நீங்கதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடிக்கவில்லை ஏட்டி, சத்தியமாக நடிக்கவில்லை.

"எந்த டியூப்மா?" என்றார்.

உன் அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது. நீ வீட்டில் சொல்லவே இல்லை.

அதனால்தான் இன்றைக்கு உருக்கினேன். பாக்டீரியாவை வளர்த்து, செலீனியம் போட்டு, சாயம் ஊற்றி, நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே காலையில் அடைத்தேன். ராத்திரிக்குள் இரண்டு டியூபிலும் ஊதா வந்துவிட்டது. விடிந்ததும் பஸ் பிடித்து அந்தப் பேராசிரியர் வீட்டுக்குப் போகிறேன். உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வரச் சம்மதித்துவிட்டார். ஒரு டியூபை அவர் மேசையில் வைத்து, திறந்து பாருங்கள் சார் என்பேன். அது வெளுக்கிறவரை உன் அப்பா பார்க்கட்டும்.

இன்னொன்று என் கைப்பையில் இருக்கும். அதை எடுக்க மாட்டேன். அதை யாரும் திறக்க வேண்டாம், ஏட்டி.